உடலில் தங்கிய பயம்: சாதிய வன்முறை, நரம்பு மண்டலம், நீதி

(தியாகதுருகத்தில் நிகழ்த்திய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம்மோடு களத்தில் நின்று மறைந்த தோழரின் நினைவாக நடக்கும் இந்த நிகழ்வில் பேச அழைத்த அமைப்பினருக்கு என் நன்றி.

தியாகதுருகம் என்றதும் வரலாற்று நூல்கள் மலைக்கோட்டையைச் சொல்லும். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அந்தக் கோட்டைக்காக மோதிக்கொண்டதைச் சொல்லும். கோட்டை யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதற்குப் பதிவு இருக்கிறது. அதற்குக் கல் சுமந்த முதுகுகளுக்குப் பதிவு இல்லை. உழைக்கும் மக்களின் வரலாறு பெரும்பாலும் அவர்கள் உடலில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அந்த உடலுக்குள் வன்முறை எதை விட்டுச்செல்கிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஒரு சேரி தாக்கப்பட்டால் நாம் ஒரு கணக்கு எடுக்கிறோம். எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள், எத்தனை குடிசை எரிந்தது, எஃப்.ஐ.ஆர். போட்டார்களா, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவு, நிவாரணம் எவ்வளவு. இந்தக் கணக்கு வேண்டும். இதைக் கேட்கவே பல தலைமுறை போராடியிருக்கிறது. ஆனால் தீ அணைந்து ஆறு மாதம் ஆன பிறகும் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எழுந்து உட்காரும் கிழவி அந்தக் கணக்கில் இல்லை. பள்ளிக்கூடம் போகும் வழியை மாற்றிக்கொண்ட சிறுவன் இல்லை. கைநடுக்கத்தால் கதிர் அறுக்க முடியாமல் போனவர் இல்லை. இவர்களுக்கு நேர்ந்திருப்பதும் காயம்தான் என்பதை மருத்துவம் எப்படி ஒப்புக்கொண்டது, அந்த அறிவு நமக்கு எதற்குப் பயன்படும் என்று பார்ப்போம்.

1. கோழை என்று சொல்லிச் சுட்டார்கள்

முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளில் கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் ஆயிரக்கணக்கானோர் உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல் முடங்கிப்போனார்கள். சிலருக்குப் பேச்சு நின்றது, சிலருக்குப் பார்வை போனது, சிலருக்கு நடுக்கம் நிற்கவே இல்லை. 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 'லான்செட்' இதழில் இதை 'ஷெல் ஷாக்' என்ற பெயரால் எழுதினார். குண்டு வெடித்த அதிர்ச்சி மூளையை உலுக்கியிருக்கும் என்பது முதல் எண்ணம். குண்டு விழாத இடத்தில் இருந்தவர்களுக்கும் அதே நிலை வந்தபோது அந்த விளக்கம் உடைந்தது.

ராணுவத்துக்கு இன்னொரு விளக்கம் இருந்தது: கோழைத்தனம். அந்தப் போரில் ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காக 306 பேரைப் பிரிட்டிஷ் ராணுவம் தன் கையாலேயே சுட்டுக்கொன்றது. 2006இல்தான் அவர்களுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. 90 ஆண்டுகள்!

சிகிச்சையிலும் வர்க்கம் இருந்தது. அதிகாரிகளுக்கு ஸ்காட்லாந்தின் க்ரெய்க்லாக்கர்ட் மருத்துவமனையில் உட்காரவைத்துப் பேசும் சிகிச்சை கிடைத்தது. சாதாரணச் சிப்பாய்க்கு லண்டனில் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேசவைக்கும் 'சிகிச்சை' கிடைத்தது. க்ரெய்க்லாக்கர்ட்டில் பணியாற்றிய டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் நம் மண்ணுக்கும் தொடர்புள்ளவர். 1901-02இல் நீலகிரியில் தோடர் மக்களிடையே தங்கி ஆய்வு செய்து, 1906இல் நூல் வெளியிட்டவர் அவர். கொடுமையான நினைவை அமுக்கி வைக்கச் சொல்வதுதான் நோயை வளர்க்கிறது என்று 1917இல் அவர் வாதிட்டார். 'மறந்துவிடு' என்ற அறிவுரைக்கு எதிராக எழுந்த முக்கியமான மருத்துவக் குரல்களில் அதுவும் ஒன்று.

இதற்கு அதிகாரப்பூர்வமான நோய்ப்பெயர் கிடைத்தது 1980இல். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் 'பி.டி.எஸ்.டி.' என்பதைச் சேர்த்தது. தமிழில் 'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு' என்கிறோம். வியட்நாம் போரை எதிர்த்த முன்னாள் சிப்பாய்கள் 1970 முதல் குழுக்களாகக் கூடித் தங்கள் கொடுங்கனவுகளைப் பேசினார்கள். உடன் நின்ற மருத்துவர்களோடு சேர்ந்து அழுத்தம் கொடுத்தார்கள். மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: அந்த நோய்ப்பெயருக்குப் பின்னால் ஆய்வுக்கூடத்தோடு ஓர் இயக்கமும் இருந்தது.

2. உடலுக்குள் நடப்பது என்ன?

ஆபத்தைப் பார்த்த உடல் யோசிப்பதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுகிறது. மூளையின் உட்பகுதியில் பாதாம் பருப்பளவில் இருக்கும் அமிக்டலா எச்சரிக்கை மணியை அடிக்கிறது. பரிவு நரம்பு மண்டலம் விழிக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்தம் கைகால் தசைகளுக்குப் பாய்கிறது, செரிமானம் நிற்கிறது. மோது, இல்லையேல் ஓடு. இந்த ஏற்பாட்டை வால்டர் கேனன் 1915இல் விளக்கினார். அதற்குப் பின்னால் கார்ட்டிசால் சுரந்து உடலைத் தொடர்ந்து தயார்நிலையில் வைக்கிறது. ஆபத்து விலகியதும் எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம் உடலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

கொடுமை மிகப் பெரியதாக இருந்தால், அல்லது திரும்பத் திரும்ப நடந்தால், இந்த இறக்கம் சரியாக நடப்பதில்லை. மணி ஓய்வதில்லை. சிறு சத்தத்துக்கும் உடல் துள்ளுகிறது. தூக்கம் கெடுகிறது, எரிச்சல் வருகிறது, வயிறு கெடுகிறது, காலப்போக்கில் ரத்த அழுத்தமும் இதயமும் பாதிக்கப்படக்கூடும். 'அவன் எதற்கெடுத்தாலும் சண்டைக்கு வருவான்', 'அவள் மந்தமாகிவிட்டாள்' என்று ஊர் சொல்லும் பல பேச்சுக்குப் பின்னால் இப்படியொரு நரம்பு மண்டலம் இருக்கலாம்.

மோதவும் முடியாமல் ஓடவும் முடியாமல் போனால் மூன்றாவது ஒன்று நடக்கும்: உறைந்துபோவது. குரல் எழும்பாது, கைகால் அசையாது. இது சம்மதமும் இல்லை, பலவீனமும் இல்லை. உடல் தானாகச் செய்வது. 2017இல் ஸ்வீடனில் வெளியான ஓர் ஆய்வு, பாலியல் வன்முறைக்குப் பின் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் கேட்டறிந்தது. அவர்களில் 70 விழுக்காட்டினர் அந்த நேரத்தில் குறிப்பிடத்தக்க அளவுக்கு உறைந்துபோயிருந்தார்கள்.

நம் நாட்டுச் சட்டம் இதை அறியாததன் விலையை ஓர் ஆதிவாசிச் சிறுமி கொடுத்தாள். 1972இல் மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் நடந்த வன்கொடுமை, மதுரா வழக்கு என்று அறியப்படுவது. உயர் நீதிமன்றம் தண்டித்த இரண்டு போலீஸ்காரர்களை 1978இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. உடலில் காயமில்லை, கூச்சல் போடவில்லை என்பது அதன் வாதங்களில் முக்கியமானது. 1979இல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் எழுதிய திறந்த மடலும், தொடர்ந்து பெண்கள் நடத்திய போராட்டமும் 1983இல் சட்டத்தை மாற்றின. காவல் நிலையத்துக்குள் ஓர் ஆதிவாசிச் சிறுமி ஏன் கத்தவில்லை என்ற கேள்விக்கு, சாதியும் அதிகாரமும் ஒரு பதில். நரம்பு மண்டலம் இன்னொரு பதில்.

நினைவும் இதில் சிக்குகிறது. ஒரு நிகழ்ச்சிக்கு நேரம், இடம், வரிசை என்று முத்திரை குத்துவதில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. கடும் பயத்தில் அந்த வேலை தடுமாறுகிறது. அதனால் ஒருவருக்கு பூட்ஸின் வாசனை அப்படியே நினைவிருக்கும். வந்தது எத்தனை மணிக்கு என்பது இருக்காது. குறுக்கு விசாரணையில் இதைத்தான் 'முரண்பாடு' என்று பிடித்துக்கொள்கிறார்கள்.

அப்படியொரு நினைவு எப்படி வேலை செய்கிறது என்பதை அண்ணல் அம்பேத்கரே எழுதிவைத்திருக்கிறார். 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற தன்வரலாற்றுக் குறிப்பில், பரோடாவில் தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்த கும்பலால் துரத்தப்பட்டதைச் சொல்கிறார். வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர், சமஸ்தானத்தில் பணியில் சேர்ந்தவர், தங்க இடமில்லாமல் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். 18 ஆண்டுகள் கழித்தும் அதைக் கண்ணீர் இல்லாமல் நினைக்க முடியவில்லை என்று பதிவு செய்கிறார். அவ்வளவு பெரிய அறிவாளிக்கே காலம் அதை ஆற்றவில்லை என்றால், நம் வீட்டுப் பெரியவர்களிடம் 'பழசை விடுங்க' என்று சொல்ல நாம் யார்?

3. 1992

1992இல் மூன்று விஷயங்கள் நடந்தன. அமெரிக்காவில் ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர், போர்க்களச் சிப்பாயின் காயமும் வீட்டுக்குள் அடிபடும் பெண்ணின் காயமும் ஒன்றே என்று நிறுவும் நூலை வெளியிட்டார். தமிழில் பாமாவின் 'கருக்கு' வெளிவந்தது. ஜூன் 20ஆம் நாள் வாச்சாத்தி நடந்தது.

வாச்சாத்தி நமக்குத் தூரமில்லை. நம் கல்வராயன் மலைக்கு மேற்கே சித்தேரி மலை. அதன் அடிவாரத்தில், தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம் இருக்கிறது அந்த ஊர். கல்வராயனில் வாழும் அதே மலையாளிப் பழங்குடி மக்கள்தான் அங்கும். சந்தனக்கட்டை பதுக்கியதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, தானியம் பாழாக்கப்பட்டது, கிணறுகள் கெடுக்கப்பட்டன. பலர் சிறைக்குப் போனார்கள். தப்பியவர்கள் மலைக்காட்டில் மறைந்து கிடந்தார்கள்.

தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் வழக்கை எடுத்தன. சி.பி.ஐ. விசாரணை வந்தது. 269 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் இறந்திருந்தார்கள். மீதி 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் 17 பேர் பாலியல் வன்கொடுமைக்காக. சரியாக 12 ஆண்டு கழித்து, 2023 செப்டம்பர் 29இல், சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தீர்ப்புக்கு முன் நீதிபதி அந்த ஊருக்கே போய்ப் பார்த்தார். 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவானது.

31 ஆண்டுகளை நரம்பு மண்டலத்தின் கணக்கில் பாருங்கள். ஒவ்வொரு வாய்தாவும் அந்த நாளைத் திரும்ப வாழவைக்கும். ஒவ்வொரு காக்கிச் சட்டையும் அமிக்டலாவைத் தட்டி எழுப்பும். அடையாள அணிவகுப்பில் தன்னைச் சிதைத்தவன் முகத்துக்கு நேரே விரல் நீட்ட வேண்டும். அந்த மலைப்பெண்கள் இதையெல்லாம் செய்தார்கள். அதுவும் கூட்டமாக, ஒருவர் கையை ஒருவர் விடாமல் செய்தார்கள். ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒன்று இருக்கிறது: கொடுமைக்கு ஆளான எல்லோரும் நோயாளி ஆவதில்லை, பின்னால் கிடைக்கும் மனிதத் துணை, யார் தேறுவார் என்பதைத் தீர்மானிப்பதில் பெரிய பங்கு வகிக்கிறது. சங்கம் என்பது அந்த ஊருக்கு அரசியலாகவும் இருந்தது, மருந்தாகவும் இருந்தது என்றே நான் படிக்கிறேன்.

இதற்கு எதிர்ப்பக்கம் வெண்மணி. 1968 டிசம்பர் 25இல் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். 1973இல் உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. பிழைத்தவர்களின் உடலுக்கு அந்தத் தீர்ப்பு சொன்ன செய்தி என்ன? ஆபத்து இன்னும் அதே தெருவில் நடமாடுகிறது என்பதுதான்.

4. 'பிந்தைய' என்ற சொல்

இங்கே மருத்துவத்தோடு நாம் வாதாட வேண்டியிருக்கிறது. 'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய' என்கிறது நோய்ப்பெயர். சிப்பாய் போர் முடிந்து வீடு திரும்பினான். ஆபத்து போர்க்களத்தில் தங்கிவிட்டது. அவனுடைய உடல் மட்டும் அதை அறியவில்லை. சிகிச்சையின் வேலை, 'முடிந்துவிட்டது' என்று அந்த உடலுக்குப் புரியவைப்பது.

நமக்கு எப்போது முடிந்தது? 1978 ஜூலையில் விழுப்புரத்தில் தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். 1997 ஜூன் 30இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் மற்றவர்களும் வெட்டப்பட்டார்கள். ஊரும் சேரியும் ஒரே ரோட்டைத்தான் பயன்படுத்துகின்றன. அடித்தவனின் டீக்கடையைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். அங்கே காதைத் தீட்டிக்கொண்டு நடப்பது நோய் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அது பிழைக்கக் கற்ற பாடமும்கூட. அப்படிப்பட்டவரிடம் மூச்சுப் பயிற்சியை மட்டும் கொடுத்து அனுப்பும் சிகிச்சை, எரியும் வீட்டுக்குள் உட்கார்ந்து கண்ணை மூடச் சொல்வதற்குச் சமம்.

இன்னொரு எச்சரிக்கை. அதிர்ச்சி மரபணு வழியாகப் பிள்ளைகளுக்குப் போகிறது என்று இப்போது பேசுகிறார்கள். மனிதர்களிடம் செய்த அத்தகைய ஆய்வுகளில் பிரபலமானவை மிகச் சிலரை மட்டும் வைத்துச் செய்தவை. பிறப்பால் தாழ்ந்தவர் என்று சொன்ன சமூகத்தில், பிறப்பிலேயே காயப்பட்டவர் என்ற புதுப்பட்டத்தை நாம் அவசரப்பட்டு வாங்கிக்கொள்ளக் கூடாது. 'அந்தத் தெருப்பக்கம் போகாதே', 'அவங்க முன்னாடி குரலை உசத்தாதே' என்று அம்மா சொல்லும் சொல்லிலேயே பயம் அடுத்த தலைமுறைக்குப் போய்விடுகிறது. சொல்லால் வந்ததைச் சொல்லாலும் சூழலாலும் மாற்றவும் முடியும்.

5. ஆற்றும் வழிகள்

ஹெர்மன் மூன்று படிகளைச் சொன்னார். முதலில் பாதுகாப்பு. பிறகு நினைவுகூர்ந்து துக்கம் கொள்வது. பிறகு மனிதரோடு மீண்டும் இணைவது. முதல் படி இல்லாமல் இரண்டாவது இல்லை. எனவே குற்றவாளியைக் கைது செய்வதும், சாட்சிக்குப் பாதுகாப்புக் கேட்பதும், மாற்று வீடும் நிலமும் கேட்பதும் சிகிச்சைக்கு வெளியே நடக்கும் அரசியல் வேலைகள் இல்லை. அவைதான் சிகிச்சையின் முதல் படி.

இரண்டாம் படிக்கு ஒடுக்கப்பட்டவர்களே கண்டுபிடித்த ஒரு வழி உண்டு. பினோசெட்டின் ராணுவ ஆட்சி நடந்த சிலி நாட்டில், சித்திரவதைக்கு ஆளானவர்களின் வாக்குமூலத்தை உளவியலாளர்கள் பதிவு செய்தார்கள். உடைந்த துண்டுகளாகக் கிடந்த நினைவு, பேசிப்பேசி, எழுதி, வரிசைப்பட்டது. அது நோயாளிக்கு மருந்து. கொடுங்கோலனுக்கு எதிராக ஆவணம். 1983இல் அவர்கள் இதை வெளியிட்டார்கள். வாரணாசியில் இயங்கும் மனித உரிமை அமைப்பொன்று 2008 முதல் டென்மார்க் நிபுணர்களோடு சேர்ந்து, போலீஸ் சித்திரவதைக்கு ஆளான தலித்துகளுக்கும் மற்றவர்களுக்கும் இதைக் கொடுத்தது. வாக்குமூலம் எழுதி முடித்ததும் ஊர் கூடி, அதை வாசித்து, அவருக்கு மரியாதை செய்து கையில் கொடுத்தார்கள். அவமானம் ஊரறிய நடந்தது. மரியாதையும் ஊரறிய நடந்தது.

தமிழிலும் அனுபவம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில் இருந்து சிகிச்சை அளித்தார். தனிமனிதருக்கு மட்டுமல்ல, சமூகத்துக்கே காயம் படும், ஆகவே சமூகமாகவே ஆற வேண்டும் என்பது அவர் எழுத்தின் சாரம். மக்களுக்குப் பழகிய சொற்களையும் சடங்குகளையும் அவர் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், போராலும் சுனாமியாலும் பாதிக்கப்பட்ட வடகிழக்கு இலங்கைக் குழந்தைகள் 31 பேருக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் சிகிச்சை அளித்தார்கள். ஒரு பாதிக்கு வாழ்க்கைக் கதையை முழுதாகச் சொல்லவைக்கும் முறை. மறு பாதிக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதத்தில் இரண்டு குழுவிலும் பெரும்பாலோர் தேறினார்கள். மருத்துவர் இல்லாத ஊரிலும் வழி உண்டு என்பதற்கு இது சான்று.

நம் ஒப்பாரியை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். இழந்ததைப் பெயர் சொல்லி, வரிசையாக, தாளத்தோடு, பிறர் தோளைப் பிடித்துக்கொண்டு சொல்லும் கலை அது. கே. ஏ. குணசேகரன் தன் வாழ்க்கைக் கதைக்கு 'வடு' என்று பெயர் வைத்தார். 'ட்ராமா' என்ற கிரேக்கச் சொல்லுக்குக் காயம் என்று பொருள். அவர் காயம் என்று சொல்லாமல் வடு என்றார். வடு என்பது ஆறிய காயத்தின் பெயர். தலித் தன்வரலாறுகளை இலக்கியம் என்று மட்டும் படிப்பவர்கள், அவை எழுதியவருக்கும் படித்தவருக்கும் செய்த இந்த வேலையையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

6. நம் மாவட்டத்தில்

கல்வராயன் மலையில் ஜாகீர்தார்களின் ஆதிக்கம் 1976 வரை நீடித்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்துத்தான் அந்த மலைக்கு விடுதலை. கூலியில்லாமல் உழைத்த உடல்கள் இன்றும் நம்மிடையே உயிரோடு இருக்கின்றன. அவர்களுடைய வாக்குமூலத்தை எழுத நமக்கு அதிக காலம் இல்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பை அழிக்கும். இறந்தவர்கள் ஏன் குடித்தார்கள் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை எனக்கில்லை. உலகம் முழுக்க ஆய்வுகள் காட்டுவது ஒன்றுதான்: அதிர்ச்சிக் கோளாறும் குடிப்பழக்கமும் அடிக்கடி சேர்ந்தே இருக்கின்றன. குடி நரம்பு மண்டலத்தைச் சில மணி நேரம் அமர்த்தும், விடியும்போது முன்னிலும் அதிகமாக உலுக்கும். இறந்தவர் குடும்பங்களுக்கு 10 லட்சமும், இரு பெற்றோரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாயும் அரசு அறிவித்தது. அது தேவை. அடுத்தடுத்துப் பிணங்கள் இறங்கிய தெருவில் வளரும் அந்தப் பிள்ளைகளின் இரவுகளை யார் கேட்பது என்பது அடுத்த கேள்வி.

7. நாம் செய்யக்கூடியது

உண்மை அறியும் குழு போகும்போது கேள்விப் பட்டியலில் சில கேள்விகளைச் சேருங்கள். தூக்கம் வருகிறதா? பிள்ளை பள்ளிக்குப் போகிறதா? எந்தச் சத்தம் பயம் தருகிறது? பாதிக்கப்பட்ட பெண்ணிடம் பத்துக் குழு பத்துமுறை கதை கேட்காதீர்கள். ஒருமுறை, அவர் விரும்பும் இடத்தில், அவர் நம்பும் ஒருவர் பக்கத்தில் இருக்க, முழுதாகப் பதிவு செய்யுங்கள். மற்றவர்கள் அதைப் படித்துக்கொள்ளலாம். பேச விரும்பாதவரைப் பேசவைக்காதீர்கள். கட்டாயப்படுத்தி ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறை பயன் தருவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. முதல் மாதத்தின் பதற்றத்துக்குத் தூக்க மாத்திரை வகைகளை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2013இல் வழிகாட்டியது.

சட்டத்தைக் கையில் எடுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் சேர்த்த 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பையும் சமூகப் பொருளாதார மறுவாழ்வையும் உரிமையாக்கியிருக்கிறது. வழக்கு நடவடிக்கைகளைக் காணொளியாகப் பதிவு செய்யவும் சொல்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 18ஆம் பிரிவில், அரசு மனநல சிகிச்சையை ஒவ்வொருவரின் உரிமையாக ஏற்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 14416 என்ற இலவசத் தொலைபேசி இருக்கிறது. நிவாரண மனுவில் தொகையைக் கேட்கும் அதே கையால் சிகிச்சையையும் எழுதிக் கேளுங்கள். பாதிக்கப்பட்ட ஊருக்கு மனநலக் குழு வர வேண்டும், ஓராண்டாவது தொடர்ந்து வர வேண்டும் என்று கேளுங்கள். வழக்கறிஞர்கள், உறைதலும் நினைவுத் தடுமாற்றமும் பற்றிய மருத்துவச் சான்றை நீதிமன்றத்தில் வையுங்கள்.

இறுதியாக, களத்தில் இருப்பவர்களுக்கு. எரிந்த வீடுகளைப் பார்த்துப் பார்த்து, வாக்குமூலம் கேட்டுக் கேட்டு நீங்களும் காயப்படுகிறீர்கள். தோழர்கள் திடீரென்று கூட்டத்துக்கு வராமல் போனால் சோர்ந்துவிட்டார், விலகிவிட்டார் என்று முடிவுகட்டாதீர்கள். வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேளுங்கள்.

மருத்துவம் உடலைத் தயார் செய்யலாம். 'இனி பயமில்லை' என்ற சொல்லை உண்மையாக்கும் வேலை நம்முடையது.